சாரல் விழும் ஊரில் சேகரிப்புப் பதிப்பு: வாங்குவதற்கு முன்பிருந்து முதல் மழைக்காலம் வரை

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மேற்குச் சுவர் ஜூன் தொடங்கினால் ஆகஸ்ட் வரை காயாது. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று சாரலைக் கொண்டுவந்து அதன்மேல் அடித்துக்கொண்டே இருக்கும். அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடும். புளியரை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் என்று இந்த வட்டாரத்தில் புத்தகம் சேர்க்கிற எல்லோருக்கும் இதுதான் நிலைமை.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் சேகரிப்புப் பதிப்பு வாங்க இதுவரை நான்கு பேருக்கு உதவியிருக்கிறேன். அதில் மூன்று பேருடைய பிரதி ஒரு வருடம் முடிவதற்குள் ஏதாவது ஒரு விதத்தில் கெட்டது. மூன்று பேரும் புத்தகத்தை முதலில் வாங்கினார்கள், அதை வைக்கும் இடத்தை அப்புறம் யோசித்தார்கள். ஆகவே கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். வேறு எந்த நாவலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் இதே வரிசைதான்.

1. முதலில் வீட்டின் ஈரத்தை அளந்துபாருங்கள்

ஆர்டர் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு சின்ன டிஜிட்டல் ஈரமானிகள் வாங்குங்கள். விலை அதிகமில்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், ஐந்து ஆறு புள்ளி தவறாகக் காட்டுவது சாதாரணம்.

சரிபார்க்க உப்பு போதும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கரைந்து ஓடாமல் ஈர மணல் பதத்தில் வையுங்கள். மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், அது உப்பின் குணம். உங்கள் கருவி 70 காட்டினால் அது எப்போதும் ஐந்து குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். பின்புறத்தில் ‘+5’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது புத்தகம் வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வாரம் வைத்துக் காலையும் இரவும் குறித்துக்கொள்ளுங்கள். 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. 60 வரை பயமில்லை. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். சாரல் காலத்தில் எங்கள் கூடத்தில் 85-க்குக் கீழே இறங்காத வாரங்கள் உண்டு. அப்படியென்றால் திறந்த அலமாரி இந்த ஊருக்கு ஒத்துவராது என்பது அந்த ஒரு வாரக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.

இரும்பு பீரோ பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கரையானுக்கு அது பாதுகாப்புதான். ஆனால் இரும்பு இரவில் சீக்கிரம் குளிர்கிறது, ஈரக்காற்று அதன் உள்பக்கத்தில் பட்டு வியர்க்கிறது. பீரோவைத்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் மேற்குச் சுவரை ஒட்டாமல், எந்தச் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, கீழ்த்தட்டை விட்டுவிட்டு நடுத்தட்டில் வையுங்கள். புத்தகம் தகட்டில் படக்கூடாது.

2. பெட்டியையும் சிலிக்கா ஜெல்லையும் தயார் செய்யுங்கள்

ரப்பர் விளிம்பும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வேண்டும். புத்தகத்தைப் படுக்கையாக வைத்தால் சுற்றிலும் இரண்டு விரல் இடம் மிஞ்சுகிற அளவு. கூடவே நிறம் மாறும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் அரைக் கிலோ. ஈரம் குடித்ததும் அது பச்சையாக மாறும்.

நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். ஓவன் இல்லாதவர்கள் பழைய இரும்புச் சட்டியில் மிகச் சிறு தீயில் கிளறி எடுக்கலாம், ஆனால் அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது.

புத்தகம் இல்லாமலே பெட்டிக்குள் ஈரமானியையும் ஜெல்லையும் போட்டு மூடி மூன்று நாள் பாருங்கள். எண் இறங்கி ஒரே இடத்தில் நின்றால் மூடி நன்றாகப் பொருந்துகிறது. மெல்ல ஏறினால் ரப்பர் விளிம்பு சரியில்லை, பெட்டியை மாற்றுங்கள். திறந்த பீரோவுக்குள் ஜெல் பொட்டலம் போடுவது வீண். ஊர்க் காற்று முழுவதையும் அது உலர்த்தாது.

3. எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

‘சேகரிப்புப் பதிப்பு’ என்ற பெயரை எந்தப் பதிப்பாளரும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் பணம் வீண். நாம் பார்க்க வேண்டியவை மூன்று: பாடம், படம், கட்டு.

பாடம் என்றால் உள்ளே இருக்கும் எழுத்து. டோல்கீனின் இந்த நாவல் 1954, 1955-இல் மூன்று பாகமாக வந்தது. அதற்குப் பிறகு வந்த அச்சுகளில் பழைய பிழைகளோடு புதுப் பிழைகளும் சேர்ந்தன. டோல்கீன் ஆய்வாளர்கள் வேய்ன் ஹேமண்ட், கிறிஸ்டினா ஸ்கல் இருவரும் ஒப்பிட்டுத் திருத்திய பாடம் 2004-இல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பாக வந்தது. படிக்கவும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் 2004-க்குப் பிந்தைய பாடமா என்று கேளுங்கள். பழைய அச்சுதான் வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

படம் உங்கள் விருப்பம். ஆலன் லீ ஐம்பது ஓவியங்கள் வரைந்த ஒற்றைப் பாகம் 1991-இல் வந்தது. டோல்கீனே வரைந்த படங்களோடு 2021-இல் ஒன்று வந்தது, அதன் பக்க விளிம்புகள் சிவப்புச் சாயம் பூசியவை. சாயம் பூசிய விளிம்பு நம் ஊரில் கொஞ்சம் தொல்லை. ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், வேர்த்த விரல் பட்டால் சாயம் மங்கும். எனக்குப் பிடித்த பதிப்பு அதுதான், அதனால்தான் பெட்டி விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

கட்டுதான் ஆயுளைத் தீர்மானிக்கும். இது ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் புத்தகம். பசை மட்டும் போட்ட கட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது, வெயில் காலத்தில் பசை காய்ந்து விரிசல் விடும், பக்கம் கொத்தாகக் கழன்று வரும். தையல் கட்டுதான் வேண்டும். அடையாளம் எளிது: புத்தகத்தின் தலைப்பக்கத்திலிருந்து முதுகை உற்றுப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கொத்துகளாகத் தெரிந்தால், ஒரு கொத்தின் நடுவில் விரித்தால் நூல் தெரிந்தால், அது தையல். ஒரே பலகை மாதிரி நேராக வெட்டியிருந்தால் பசை. முதுகின் உச்சியில் இருக்கும் வண்ணத் துணிப்பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பசைக் கட்டிலும் அழகுக்காக அதை ஒட்டுகிறார்கள்.

தோல் அட்டையா துணி அட்டையா என்று கேட்டால் இந்த வட்டாரத்துக்குத் துணி அட்டை என்பேன். பூசணத்துக்குத் தோல் ரொம்பப் பிடிக்கும்.

4. பணம் கட்டும் முன் படம் கேளுங்கள்

விற்பவரிடம் குறைந்தது நான்கு புகைப்படம் கேளுங்கள்: பதிப்புரிமைப் பக்கம், முதுகின் தலைப்பக்கம், நான்கு மூலைகள், புத்தகம் செருகியிருக்கும் அட்டை உறைப்பெட்டியின் வாய். விளம்பரப் படம் போதாது, அவர் கையில் இருக்கும் அதே பிரதியின் படம் வேண்டும்.

பதிப்புரிமைப் பக்கத்தில் எண்கள் வரிசையாக இருக்கும். அதில் மிகச் சிறிய எண் எதுவோ அதுவே எத்தனையாவது அச்சு என்று பெரும்பாலான பதிப்பகங்களில் பொருள். 1 இருந்தால் முதல் அச்சு. அந்த வரிசை 1-இல்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை, நடுவிலோ ஓரத்திலோ இருக்கலாம். நான்காம் அச்சை முதல் அச்சு விலைக்கு வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு படம் கேட்டிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் புத்தக விலையோடு கணக்கை முடிக்காதீர்கள். இறக்குமதிப் புத்தகங்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதச் சுங்க வரி போட்டார்கள். அதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தைச் சேர்க்கும். ஆர்டர் போடும் மாதமும் முக்கியம்: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஜூலையில் வண்டியிலிருந்து இறங்கும் அட்டைப்பெட்டி கையில் பிடித்தாலே நசநசவென்று இருக்கும்.

5. பார்சல் வந்த நாளில் பிரிக்காதீர்கள்

இதைச் சொன்னால் யாருமே கேட்பதில்லை. பார்சலை ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் அப்படியே வைத்திருங்கள். வண்டியின் வெப்பமும் வீட்டின் வெப்பமும் வேறு. புத்தகம் உள்ளுக்குள் மெல்லச் சமநிலைக்கு வர வேண்டும்.

பிரிக்கும்போது கட்டர் கத்தியை ஒரு நெல்மணி நீளத்துக்கு மேல் வெளியே தள்ளாதீர்கள். நடு டேப்பை வெட்டாமல் இரண்டு ஓரங்களை முதலில் வெட்டி மடலைத் தூக்குங்கள். நடு டேப்புக்கு நேர் கீழேதான் பெரும்பாலும் புத்தகத்தின் முகம் இருக்கிறது. தென்காசித் தம்பி ஒருவர் புது உறைப்பெட்டியின் குறுக்கே நீளமாகக் கீறல் போட்டது அப்படித்தான். முதல் வெட்டிலிருந்து கடைசிவரை வீடியோ எடுங்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் உதவும்.

புத்தகத்தைச் சுற்றியிருக்கும் இறுக்கமான பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள். உறை பிரியாமல் இருந்தால் மறுவிற்பனையில் விலை கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் அட்டையை இழுத்து வளைக்கும், உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியே போகாது.

6. உறைப்பெட்டியிலிருந்து எடுப்பது

முதுகின் உச்சியில் நகத்தை மாட்டி இழுக்காதீர்கள். துணி முதலில் கிழியும் இடம் அதுதான். உறைப்பெட்டியின் வாயை உள்ளங்கையை நோக்கிச் சாய்த்து, புத்தகம் தானாக நழுவி வரும்வரை காத்திருங்கள்.

வரவில்லையா, விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அட்டையும் உறைப்பெட்டியும் சேர்ந்து உப்பும். இரண்டு நாள் ஜெல்லோடு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் தளரும்.

7. முதல் தடவை திறப்பது

பக்கம் சரிபார்க்கும் அவசரத்தில் புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து மேசையில் அழுத்துகிறார்கள். அந்த ஒரு அழுத்தில் முதுகு அந்த இடத்தில் உடைந்துவிடும், பிறகு எப்போது எடுத்தாலும் அங்கேயே திறந்துகொள்ளும். எனவே சரிபார்ப்பதற்கு முன் கட்டைப் பழக்க வேண்டும்.

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். மேசையில் சுத்தமான துண்டை விரித்து, முதுகு கீழே இருக்கும்படி புத்தகத்தை நிறுத்துங்கள். தாள் கட்டு முழுவதையும் இடது கையில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு முன் அட்டையை மட்டும் மெல்லக் கீழே இறக்குங்கள். பிறகு பின் அட்டை. அடுத்து முன்பக்கத்திலிருந்து பத்துப் பதினைந்து தாளை எடுத்து இறக்கி, மடிப்பு ஓரத்தில் விரலால் மேலிருந்து கீழாக ஒரு தடவை இலேசாக நீவுங்கள். அப்புறம் பின்பக்கத்திலிருந்து அதே அளவு. மாறி மாறி இப்படியே நடுவரை வாருங்கள்.

முதுகு ஒரே இடத்தில் மடங்காமல் முழு அகலத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும் என்பதுதான் இதன் காரணம். ஆயிரம் பக்கப் புத்தகத்துக்கு அரை மணி நேரம் ஆகும். நடுவில் சின்னதாக ‘கிர்ர்’ என்று சத்தம் கேட்டால் நிறுத்தி, எடுக்கும் தாளின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். சாயம் பூசிய விளிம்பில் பக்கங்கள் ஒட்டியிருந்தால் நகத்தால் பிரிக்காமல் தாள் கொத்தை இலேசாக வளைத்து விடுங்கள், தானே பிரியும்.

8. திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் சரிபார்ப்பது

கட்டும் இடத்தில் தவறு நடந்தால் ஒரு பக்கம் மட்டும் காணாமல் போவது அரிது. ஒரு மடிப்புக் கொத்தே போகும், அல்லது இரண்டு முறை வரும், அல்லது தலைகீழாக இருக்கும். அதனால் எல்லாப் பக்கத்தையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கொத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எதிரெதிர்ப் பக்க எண்கள் தொடர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒரு கொத்துக்குப் பெரும்பாலும் 16 அல்லது 32 பக்கம் இருக்கும்.

அடுத்து படங்கள். முன்னால் இருக்கும் படப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். கதைக்குள் வரும் பழைய குறிப்பேடான மசர்புல் நூலின் பக்கங்களை எரிந்து கிழிந்ததுபோல டோல்கீன் தன் கையால் செய்தார்; அவை 1954-இல் செலவு கருதி விடப்பட்டன, பின்னால் வந்த சில பதிப்புகளில்தான் சேர்ந்தன. உங்கள் பதிப்பின் விவரத்தில் அவை சொல்லப்பட்டிருந்தால் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் பக்கங்களில் கறை இருக்கிறதே என்று ஒரு நண்பர் பதறிப்போய்க் கேட்டார். அந்தக் கறை டோல்கீன் வேண்டுமென்றே உண்டாக்கியது.

மடித்து வைத்த வரைபடம் இருந்தால் ஒரே ஒரு முறை விரியுங்கள். விரிப்பதற்கு முன் மடிப்பு போகும் திசையைப் படம் எடுத்துவையுங்கள். மாற்றி மடித்தால் இரண்டாம் முறையே மடிப்பு முனையில் ஓட்டை விழும்.

9. காயவைத்து, அப்புறம் மூடுங்கள்

புளியரையிலிருந்து ஒருவர் போன் செய்தார். “அண்ணாச்சி, பாலிதீன் கவர்ல போட்டு டேப் ஒட்டி காத்தே போகாமத்தான் வச்சேன். எப்படிப் பூசணம் பூத்துச்சு?”

அவர் கவரை ஒட்டியது ஜூலை மாதத்தில். அன்றைய காற்றும், தாள் ஏற்கெனவே குடித்திருந்த ஈரமும் உள்ளேயே அடைபட்டன. இரவில் குளிர்ந்ததும் அந்த ஈரம் தாளின் மேல் படிந்தது. மூடிய உறை ஈரத்தை வெளியே நிறுத்துவதுபோல உள்ளேயும் நிறுத்தும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஆகவே பனி விலகிய ஒரு பிப்ரவரி அல்லது மார்ச் மதியத்தில், அறையின் ஈரமானி 55-க்குக் கீழே காட்டும்போது, புத்தகத்தை உறைப்பெட்டியிலிருந்து எடுத்து நிழலில், மின்விசிறி மிதமாகச் சுற்றும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். வெயிலில் வைத்தால் துணி வெளுக்கும், அட்டை வளையும். பிறகு பிளாஸ்டிக் பெட்டியில் நூறு நூற்றைம்பது கிராம் ஜெல்லைத் துணிப்பையில் கட்டி ஒரு மூலையில் போட்டு, ஈரமானியை முகம் வெளியே தெரியும்படி வைத்து மூடுங்கள். ஜெல் புத்தகத்தைத் தொடக்கூடாது. எண் 40-க்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், அதிகம் காய்ந்தாலும் அட்டை வளையும், தோல் வெடிக்கும்.

புத்தகத்தைப் படுக்கையாக வைப்பதே நல்லது. நிறுத்தி வைக்கும்போது கெட்டி அட்டை மட்டும் தரையில் நிற்கிறது, தாள் கட்டு நூலிழை உயரத்தில் தொங்குகிறது. அத்தனை எடையும் முதுகின் உச்சியை நாள் முழுக்க இழுக்கும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், தொங்கும் அந்த இடைவெளியின் உயரத்துக்கு அமிலமில்லாத வெள்ளை அட்டையை வெட்டித் தாள் கட்டுக்குக் கீழே முட்டுக் கொடுங்கள்.

பெட்டிக்குள் அந்துருண்டை வேண்டாம். நெடி தாளில் ஏறினால் வருடக்கணக்கில் போகாது. வேப்பிலையும் வசம்பும் நேரடியாகத் தாளில் பட்டால் கறை விடும். இராமபாணப் பூச்சி ஈரமான இடத்தைத்தான் தேடி வருகிறது, ஈரம் குறைந்தால் அதுவும் குறையும். தோல் அட்டைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதை இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் தாளுக்குள் ஊறிக் கறையாகும், பூச்சியையும் வரவைக்கும்.

10. சரஸ்வதி பூஜைக்கு முன்னேற்பாடு

இது எங்கள் வீட்டில் நடந்தது. பூஜையன்று அம்மா எல்லாப் புத்தகத்தையும் அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். துணி அட்டையின் தங்க எழுத்துக்குப் பக்கத்தில் ஈரச் சந்தனப் பொட்டு. நான் பதறி ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு பெரிய வட்டமாகப் பரவியது, துடைத்த வேகத்தில் இரண்டு எழுத்தின் தங்கமும் போயிற்று. காயவிட்டு மென்தூரிகையால் உதிர்த்திருந்தால் இலேசான தடத்தோடு போயிருக்கும்.

இப்போது புத்தகத்தைப் பெட்டியோடு பூஜையில் வைக்கிறோம், பொட்டு பெட்டி மூடியில். அம்மாவுக்கும் அதில் திருப்தி. பூஜை வருவது ஐப்பசி மழையை ஒட்டி என்பதால் அன்று பெட்டியைத் திறக்காமல் இருப்பது இன்னொரு விதத்திலும் நல்லது.

11. மழைக்காலத்தில் செய்ய வேண்டியது

வாரம் ஒரு முறை பெட்டியைத் திறக்காமல் ஈரமானியைப் பாருங்கள். 60-ஐத் தொட்டால் ஜெல்லை மட்டும் மாற்றுங்கள், மாற்றுவதற்கு ஆரஞ்சு ஜெல் இன்னொரு பையில் முன்பே தயாராக இருக்க வேண்டும். படிக்க ஆசையாக இருந்தால் மழை விட்ட மதியத்தில் படித்துவிட்டு அன்றே உள்ளே வையுங்கள். தினமும் படிக்க ஒரு சாதாரண பேப்பர்பேக் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, நான் அப்படித்தான் செய்கிறேன்.

12. பூசணத்தைப் பார்த்துவிட்டால்

துடைக்காதீர்கள். ஈரப் பூசணத்தைத் துடைத்தால் நாருக்குள் இறங்கும். அந்தப் புத்தகத்தை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, புது ஜெல்லோடு தனிப் பெட்டியில் நான்கைந்து நாள் வைத்துக் காயவிடுங்கள். பூசணம் மாவு மாதிரி உலர்ந்த பிறகு, மூக்கை முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, காற்று உங்களைவிட்டு விலகி அடிக்கும் பக்கம் நின்று, மென்தூரிகையால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளியோரம் நோக்கித் தட்டிவிடுங்கள். தூரிகையை உடனே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

அப்புறம் அது இருந்த பழைய பெட்டியையும் உறைப்பெட்டியையும் பாருங்கள். புத்தகத்தை மட்டும் சுத்தம் செய்து அதே பெட்டிக்குள் திரும்ப வைத்தவர்களுக்கு மூன்றே வாரத்தில் மறுபடி பூத்தது. பிளாஸ்டிக் பெட்டியைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் ஒரு பகல் கவிழ்த்து வையுங்கள். உறைப்பெட்டியைத் தூரிகையால் தட்டி நிழலில் உலர்த்துங்கள். ஈரமானி 55-க்குக் கீழே வந்த பிறகே புத்தகம் உள்ளே போகலாம்.